நீ கழற்றி வைத்த லோடர்

நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று. இன்னும் கையை விட்டு ஹைட்ராலிக் ஆயில் வாடை போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் அதுதான் வருகிறது, ரசத்தின் வாசனை அப்புறம்தான். தைப் பௌர்ணமிக்குப் பிறகு இந்த வாடை என் கைக்கு வரவே இல்லை. நான் வரவிடவில்லை என்று சொல்வதுதான் சரி.

டிராக்டரின் முன்பக்கம் லோடரை மாட்டிவிட்டேன். தனியாகத்தான் மாட்டினேன். நீ இருந்தால் உடனே, "எத்தினி பின்ன கோணலா ஏத்தின?" என்று கேட்டிருப்பாய். ஒன்றும் கோணல் இல்லை. ஆனால் மாட்டும்போது ஒன்று தெரியவந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ போன அன்று காலையில் நாம் சண்டை போட்டது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உன் மனைவி மல்லிகாவிடம்கூட நான் சொல்லவில்லை. சொல்லாமல் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. உன் காரியம் முடிந்த நாளோடு சரி, அப்புறம் உன் வீட்டுத் தெருப் பக்கமே நான் போகவில்லை.

ஊரில் மற்றவர்களுக்குப் பௌர்ணமி என்றால் கிரிவலம். நமக்குப் பௌர்ணமி என்றால் லோடர். மாதத்தில் பெரும்பாலான நாள் நம் மினி டிராக்டர் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் ரொட்டவேட்டர் மாட்டி உழும். முன்னால் லோடர் இருந்தால் வரப்போரம் வளைத்துத் திருப்ப முடியாது. ஈர மண்ணில் முன் சக்கரம் இறங்கிவிடும். அதனால் கழற்றி வைக்க வேண்டும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில், செங்கம் ரோட்டில் அன்னதானக் குழு சமைத்த மனையில் பாக்குமட்டைத் தட்டும் காய்கறித் தோலும் விறகுச் சாம்பலும் இடுப்பளவு குவிந்து கிடக்கும். அதை அள்ளி டிப்பரில் போட லோடர் வேண்டும். அதனால் மாட்ட வேண்டும். மாதம் ஒரு முறை மாட்டி, ஒரு முறை கழற்றி, பதினோரு வருடம் ஓட்டிவிட்டோம். நாம் இருவரும் மலையைச் சுற்றி நடந்தது ஒரே ஒரு தடவை. அதிலும் பாதியில் உனக்குச் செருப்புக் கடித்து ஆட்டோ பிடித்தோம்.

இது இரண்டு ஆள் வேலை. ஒருவன் சீட்டில் உட்கார்ந்து லீவரைப் பிடிக்க வேண்டும், ஒருவன் தரையில் குந்தி, லோடரை வண்டியோடு பூட்டும் பின்னையும் ஆயில் ஓடும் ஹோஸையும் பார்க்க வேண்டும். எனக்கு முட்டி மடங்காது, அதனால் சீட்டு என்னுடையது. எஞ்சின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. நீ மட்கார்டில் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கொஞ்சம் தூக்கு. மூன்று தட்டு என்றால் நான் ஏதோ முட்டாள்தனம் செய்துவிட்டேன் என்று அர்த்தம், எஞ்சினை அணைத்துவிட்டுத் திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக வேண்டும்.

முதல் தடவை நினைவிருக்கிறதா? வண்டியோடு வந்த மெக்கானிக் பத்து நிமிடத்தில் ஒரு முறை கழற்றி, ஒரு முறை மாட்டிக் காட்டி, "அவ்ளோதாங்க, ஈஸி" என்று பைக் ஏறிப் போய்விட்டான். அந்த ஈஸி வேலை நமக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. நான்கு ஹோஸையும் இடம் மாற்றிச் சொருகியிருந்தோம். பக்கெட்டைத் தாழ்த்த லீவரைத் தள்ளினேன், அது உன் தாடைக்கு நேராக மேலே எழும்பியது. நீ பின்னால் தாவி எருக்குழியில் ஒரு காலை விட்டாய். முழங்கால் வரைக்கும் சாணியோடு நின்றுகொண்டு, "டேய், என்ன கொல்லப் பாக்கறது நீயா, வண்டியா? மொதல்ல அத சொல்லு" என்றாய். நான் சீட்டிலேயே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மல்லிகாவின் பழைய புடவையைக் கிழித்து ஒரு சிவப்பு, உன் லுங்கியில் ஒரு நீலம், என் வேட்டியில் ஒரு வெள்ளை, எங்கிருந்தோ ஒரு மஞ்சள் என்று நான்கு ஹோஸுக்கும் நான்கு துணி கட்டினாய். எந்தத் துணி எந்த ஓட்டைக்கு என்று எனக்குப் பத்து முறை ஒப்பிக்கவைத்தாய். நம்மை அப்போது யாராவது பார்த்திருந்தால் நம் ஊர் வேங்கிக்காலில் புதிதாக ஏதோ பள்ளிக்கூடம் திறந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மெக்கானிக் சொல்லாத ஒன்றை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எஞ்சினை அணைத்தாலும் ஹோஸுக்குள் ஆயில் அழுத்தமாகத்தான் நிற்கும். லீவரை முன்னே, பின்னே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நான்கு முறை ஆட்டினால்தான் அது இறங்கும். ஆட்டாமல் ஹோஸைப் பிடுங்கினால் கழற்றும்போது கை வலிக்கும், அடுத்த முறை மாட்டும்போது ஏறவே ஏறாது. இரண்டாம் மாதமே அப்படி ஆகி, அரை நாள் அதோடு மல்லுக்கட்டினோம். அதற்குப் பிறகு எஞ்சின் நின்றதும் நீ தரையிலிருந்து, "ஆட்டு" என்பாய். நான் ஆட்டுவேன். நீ சொல்லாமல் நான் ஆட்டியதில்லை, நான் ஆட்டாமல் நீ ஹோஸில் கைவைத்ததில்லை. பதினோரு வருடத்தில் அந்த ஒரு வார்த்தையை நூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பாய்.

தைப் பௌர்ணமிக்கு மறுநாள் நீ சொல்லவில்லை.

அன்றைக்கு மனையில் குப்பை கம்மி. விடிந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்கு முடித்து, வேங்கிக்காலில் என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்துக்கு வண்டியைக் கொண்டுவந்துவிட்டோம். ஸ்டாண்டை இறக்கினாய். நான் பக்கெட்டை அழுத்திப் பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். நீ பின்னை உருவ வேண்டும், அவ்வளவுதான். உருவவில்லை. குந்திக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு தட்டுத் தட்டினாய், தூக்கினேன். மறுபடி இரண்டு தட்டு. மறுபடி தூக்கினேன். பின்னைப் பிடித்த உன் கை நடுங்கியதை நான் மேலேயிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் என்பதுதான் மூன்று மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இன்னாடா, கை டைப் அடிக்குது? வயசாயிடுச்சின்னா சொல்லு, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றேன்.

கேலிதான். உனக்கும் தெரியும், இதைவிட மோசமான கேலியெல்லாம் நாம் பேசியிருக்கிறோம். வேறு நாளாக இருந்தால் நீ என் முட்டியை இழுத்து நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாய். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்து, "நீ மேல உக்காந்துக்கினே பேசு. ஒரு நாள் கீழ எறங்கி படுத்துப் பாரு, அப்ப தெரியும்" என்றாய். குரல் வேறு மாதிரி இருந்தது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் முட்டியைச் சொல்லிக்காட்டுகிறாய் என்று நினைத்தேன். பின் இரண்டும் எப்படியோ உருவி வந்தன. நான் எஞ்சினை அணைத்தேன், இறங்கினேன், "நீயே கழட்டிக்க" என்று சொல்லிவிட்டு முனையில் இருக்கும் டீக்கடைக்குப் போய்விட்டேன். ஒரு டீ குடித்தேன். கோபம் அடங்காமல் இன்னொன்று குடித்தேன். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தேன்.

திரும்பி வந்தபோது லோடர் தன் ஸ்டாண்டில் தனியாக நின்றது. நான்கு ஹோஸும் வரிசையாகக் கொக்கியில் தொங்கின. டிராக்டரைப் பின்னுக்கு எடுத்து வேப்பமரத்தின் கீழ் விட்டிருந்தாய். உன் மொபெட் இல்லை. பரவாயில்லை, சாயந்தரம் போன் பண்ணுவான் என்று நினைத்தேன். நீ பண்ணவில்லை என்றால் நான் பண்ணுவது, இரண்டு நாள் கழித்து என்று மனதுக்குள் கணக்கு வேறு போட்டேன். மூன்று மணிக்கு மல்லிகா போன் செய்தாள். மார்வலி என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் லோடர் பக்கம் போகவில்லை. ரொட்டவேட்டர் வேலைக்கு ஒரு ஆள் போதும், அதை ஓட்டினேன். மாசியிலும் பங்குனியிலும் குழுவிலிருந்து கேட்டார்கள், வண்டி ரிப்பேர் என்றேன். இரண்டு முறையும் வேறு யாரையோ வைத்து அள்ளிக்கொண்டார்கள். தினமும் காலையில் பின்கதவைத் திறந்தால் அது அங்கே நிற்கும். ஸ்டாண்டின் பின் நீ போட்டது. கொக்கியில் ஹோஸ் நீ மாட்டியது. தொட்டால் நீ வைத்தது கலைந்துபோகும் என்பது ஒரு காரணம். அந்தக் காலையை மறுபடி நினைக்க வேண்டியிருக்கும் என்பது பெரிய காரணம். வீட்டில் பேச ஆளில்லை. என் மனைவி மகளின் பிரசவத்துக்குச் சென்னை போனவள் இன்னும் திரும்பவில்லை. "அங்க ஒண்டியா இன்னா பண்றீங்க, வண்டிய குடுத்துட்டு இங்க வந்துடுங்க" என்று தினமும் போனில் சொல்கிறாள். ம் என்று வைத்துவிடுவேன்.

சித்திரைக்குக் குழுவின் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார். "சித்ரா பௌர்ணமிங்க. கூட்டம் ஜாஸ்தி. வரீங்களா இல்லியான்னு இப்பவே சொல்லிடுங்க, இல்லன்னா இனிமே நிரந்தரமா வேற ஆளுக்கு குடுத்துடறோம்" என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அதையும் விட்டுவிட்டால் நீயும் நானும் செய்தது என்று எதுவும் மிஞ்சாது என்று பயந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பக்கத்து வீட்டில் கலெக்டர் ஆபீஸ்காரர் ஒருவர் குடிவந்திருக்கிறார், நல்ல மனிதர். பௌர்ணமி அன்று காலையில் நான் டிராக்டரை லோடருக்கு நேராக விடுவதைப் பார்த்து மதில் மேல் எட்டி, "சார், நான் வேணா லீவர புடிக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் லீவரைப் பிடித்தால் கீழே நான் சட்டினி. வேண்டாங்க என்று சிரித்துச் சமாளித்தேன். நல்லவேளை, அவருக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

தனியாக மாட்டுவது எப்படி என்று சொல்கிறேன், கேள். வண்டியை ஒரு அடி முன்னால் விட வேண்டும். அணைக்க வேண்டும். இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். இடது பக்கம் நான்கு விரல் தள்ளியிருக்கிறது. ஏற வேண்டும். பின்னுக்கு எடுத்து மறுபடி விட வேண்டும். அணைக்க வேண்டும். இறங்க வேண்டும். இப்போது வலது பக்கம் இரண்டு விரல். நீ இருந்தால் ஒரு தட்டு, இரண்டு தட்டு, முடிந்தது. இதில் பேசாமல் இருப்பதுதான் பெரிய கஷ்டம். இரண்டு முறை வாய்விட்டு, "சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். எட்டு மணிக்குத் தொடங்கியவன் வண்டியைச் சரியாகக் கொண்டு நிறுத்தும்போது பத்து மணி. முட்டி இட்லி மாதிரி வீங்கிவிட்டது. நீ படுத்துப் பார்க்கச் சொன்ன இடத்தில் படுத்தும் பார்த்துவிட்டேன். சிமெண்டு தோசைக்கல் மாதிரி சுடுகிறது. இதில்தான் பதினோரு வருடம் கிடந்திருக்கிறாய், ஒரு சாக்கு விரித்துப் போட்டிருக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அப்புறம் ஹோஸ். சிவப்புத் துணி ஏறியது. நீலம் ஏறியது. வெள்ளையும் ஏறியது. மஞ்சள் ஏறவில்லை.

வெயிலில் சூடேறியிருக்கும் என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். ஈரச் சாக்கைப் போர்த்திக் கொஞ்ச நேரம் விட்டேன். மறுபடி இரண்டு கையாலும் அழுத்தினேன். அசையவில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வெயிலால் என்றால் நான்கும் அல்லவா முரண்டு பிடிக்க வேண்டும்? கடைசியாகப் பாரம் தூக்கிய ஒன்று மட்டும் இறுகிக் கிடக்கிறது. அன்றைக்கு லீவரை ஆட்டாமலேயே ஹோஸைக் கழற்றியிருக்கிறாய்.

ஆட்ட வேண்டியவன் நான். எஞ்சினை அணைத்த கையோடு நான்கு முறை ஆட்டியிருக்க வேண்டும். அணைத்தேன், இறங்கினேன், போய்விட்டேன். நீ ஏறி ஆட்டியிருக்கலாம். அதற்கு ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்க வேண்டும். அது உன்னால் முடியவில்லை. ஆயில் இறுகி நிற்கும் ஹோஸை உருவ எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். மார்வலியோடு அதைத் தனியாக இழுத்து உருவியிருக்கிறாய். பிறகு எப்படியோ ஒரே ஒரு முறை ஏறி வண்டியைப் பின்னுக்கு எடுத்திருக்கிறாய். நான் அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை கோபத்தில் நீயும் மறந்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்ள ரொம்ப நேரம் முயற்சி செய்தேன். நீ மறக்கிற ஆள் இல்லை.

ஒரு சாக்கை மடித்துப் போர்த்தி, ஸ்பேனரால் அந்த ஹோஸின் இணைப்பை மெதுவாகத் தளர்த்தினேன். புஸ்ஸென்று ஆயில் சாக்கில் அடித்து, கை, சட்டை எல்லாம் வழிந்தது. இணைப்பை இறுக்கிவிட்டு அழுத்தினேன், டக்கென்று ஏறிவிட்டது. பின்னும் அடிக்காமலே போனது. "பின்னு தானா போவணும், சுத்தியல எடுத்தா அளவு தப்புன்னு அர்த்தம்" என்பாயே, சுத்தியலை எடுக்கவே இல்லை. எல்லாம் முடிந்து பக்கெட் ஒழுங்காக ஏறி இறங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து அழுதேன். துணி காயப்போட்ட அம்மா உள்ளே போய்விட்டார், அது வரைக்கும் நல்லது.

நேற்றுக் காலையில் மனையை அள்ளிக் கொடுத்துவிட்டேன். டிப்பர் ஏழு நடை போனது. அதை முடித்த கையோடு, குளிக்காமல்கூட உன் வீட்டுக்குப் போனேன். குளித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் போகவே மாட்டேன் என்று தெரியும்.

மல்லிகா இளைத்திருக்கிறாள். "வாங்கண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. சட்டையிலிருந்த கறையைப் பார்த்து, "லோடர மாட்டிட்டீங்களா?" என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "மல்லிகா, அன்னிக்கி நான் அவன்கூட சண்ட போட்டேன்மா. கோச்சிக்கினு டீக்கடைக்குப் போயிட்டேன். அவன் ஒண்டியாதான் கழட்டினான். நான் கூட இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்காவது தூக்கினு போயிருப்பேன்."

"தெரியும்ணா" என்றாள்.

"அவன் சொன்னானா?"

"அவரு எதுவும் சொல்லல. பத்து மணிக்கே வந்துட்டாரே. வேல முடிஞ்சி ரெண்டு பேரும் டீக்கடையில உக்காந்து கத அடிக்காம அவரு என்னிக்கி வந்திருக்காரு? அப்பவே நெனச்சேன், ரெண்டு பேருக்கும் ஏதோ ஆயிருக்குதுன்னு."

மூன்று மாதமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, எனக்காக அதை வெளியே விடாமல் இருந்திருக்கிறாள். உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில எழுந்ததுமே தோள்பட்ட கடுக்குதுன்னாருண்ணா. இன்னிக்கி ஒரு நாள் போவாதீங்கன்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். 'நான் போவலன்னா அவன் அந்த லோடர வெச்சிக்கினு ஒண்டியா முழிப்பான். கழட்டிக் குடுத்துட்டு வந்து படுத்துக்கறேன்'னு கெளம்பிட்டாரு."

காபி ஆறிப்போனது. குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றும் சரியாக நினைவில்லை. அவள் வாசல் வரைக்கும் வந்து, அடிக்கடி வாங்கண்ணா என்று சொன்னது மட்டும் காதில் இருக்கிறது.

நான் ஒண்டியாக முழிப்பேன் என்றுதான் நீ வந்தாய். அப்படி வந்தவனை நான் ஒண்டியாக விட்டுவிட்டுப் போனேன். இதற்கு மன்னிப்புக் கேட்க நீ இல்லை. யாரோ ஒருவரிடம் கேட்டால் ஆறிவிடுகிற விஷயமும் இல்லை. இனி இது என்னோடுதான் இருக்கும், இருக்கட்டும். சென்னைக்கு வரவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். திட்டினாள், பிறகு பேத்தியை அழவைத்துக் காட்டினாள், பிறகு போனை வைத்துவிட்டாள்.

நாளைக்குக் காலையில் லோடரைக் கழற்ற வேண்டும், மறுநாள் கொல்லையில் வேலை இருக்கிறது. எஞ்சினை அணைத்ததும் லீவரை ஆட்டுவேன், நீ சொல்வதற்காகக் காத்திருக்க மாட்டேன். பிறகு இறங்குவேன், ஏறுவேன், மறுபடி இறங்குவேன். எத்தனை மணி ஆனாலும் சரி, நடுவில் டீக்கடைக்குப் போக மாட்டேன்.